பதினான்கு பேரில் பதினொருவர்

எங்கள் மாகாண மருத்துவச் சங்கம் ஆண்டுக்கு நான்கு முறை வெளியிடும் இதழில் பிழை திருத்துவது என் வேலை. தரிஹா நகரப் பள்ளியொன்றில் முப்பத்தோர் ஆண்டுகள் மொழிப்பாடம் நடத்தி ஓய்வுபெற்ற பின், மருத்துவர்களின் வாக்கியங்களுக்கு எழுவாயும் பயனிலையும் தேடிக் கொடுக்கும் இப்பணி எனக்கு வாய்த்தது. மருத்துவம் எனக்குத் தெரியாது. ஆனால், ஒரு கட்டுரையை முதலெழுத்திலிருந்து கடைசி முற்றுப்புள்ளி வரையில் படிப்பவர் அந்த அலுவலகத்தில் நான் ஒருவனே என்று இதழாசிரியர் ரெமேதியோஸ் அராமயோ அம்மையார் சொல்வதுண்டு. மற்றவர்கள் சுருக்கத்தையும் அட்டவணைகளையும் பார்ப்பார்கள். நன்றியுரையை எவரும் பார்ப்பதில்லை.

சென்ற ஆண்டு ஜனவரியில் நான் ஒரு நன்றியுரையைப் படித்தேன். அதனால் ஒரு கட்டுரை ஏறத்தாழ நின்றே போயிற்று.

கட்டுரையை எழுதியவர் எலெயுத்தேரியோ காஸ்த்ரில்யோ. நகரத்திலிருந்து ஐந்து மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள எல் நொகால் என்னும் மலையடிவார ஊரில் இருபத்தெட்டு ஆண்டுகளாக மருத்துவராக இருப்பவர். அங்கே மணல் ஈ கடித்து வரும் ஆறாத தோல்புண் மிகுதி. அதற்கு வழக்கமான மருத்துவம், நகரத்தில் தங்கி இருபது நாள்கள் ஊசி போட்டுக்கொள்வது. ஊசியின் வலிக்கும், வயலையும் ஆடுமாடுகளையும் விட்டுவரும் சங்கடத்திற்கும் அஞ்சிப் பலர் புண்ணோடேயே இருந்துவிடுவர். மருத்துவருக்குத் தலைநகரின் ஆய்வு நிலையமொன்று காலணிப் பெட்டி அளவுள்ள ஒரு வெப்பக் கருவியை இரண்டாண்டுகளுக்கு இரவலாகக் கொடுத்திருந்தது. புண்ணின்மேல் அரை நிமிடம் சூடு வைத்தால் போதும். பதினான்கு பேருக்கு வைத்தார். ஆறாம் மாதத்தில் பதினான்கு பேரும் முழுமையாகக் குணமடைந்திருந்தனர் என்று எழுதியிருந்தார். இரவல் தவணை ஜூன் மாதத்தில் முடிகிறது. அதற்குள் ஒரு கட்டுரை அச்சேறினால் கருவி எல் நொகாலிலேயே இருக்கும். இல்லையேல் வேறொரு மாகாணத்திற்குப் போய்விடும்.

கட்டுரை நன்றாகவே இருந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி எண் உரிய இடத்தில் இருந்தது. பதினான்கு ஒப்புதல் தாள்களும் கையொப்பத்தோடு இணைக்கப்பட்டிருந்தன. அறிவிப்புப் படிவத்தில், "இக்கட்டுரையின் முடிவைப் பாதிக்கக்கூடிய உறவுகள் உமக்கு உண்டா?" என்ற கேள்விக்கு எதிரே, "ஏதுமில்லை" என்று உறுதியான கையெழுத்தில் எழுதியிருந்தார். நன்றியுரையோ இவ்வாறு இருந்தது: "சூட்டைப் பொறுத்துக்கொண்டு எனக்கு ஒத்துழைத்த என் கொம்பாத்ரேக்களுக்கும் கொமாத்ரேக்களுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி."

ஒரு குழந்தையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தந்தையாக நிற்பவர், அன்று முதல் அதன் தந்தைக்குக் கொம்பாத்ரே ஆகிறார். அதன் தாய் அவருக்குக் கொமாத்ரே ஆகிறாள். உடன்பிறந்தவரோடு சண்டையிட்டாலும் இடலாம், கொம்பாத்ரேயோடு இடலாகாது என்பது எங்கள் பக்கத்து நடைமுறை. நான் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அராமயோ அம்மையாரின் அறைக்குச் சென்றேன்.

அவர் படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"வாத்தியாரே, நீங்க கமா சரி பண்றதோட நிறுத்தியிருக்கலாம்."

"கமாவுக்கு அடுத்தாப்ல இதுதான் இருந்துது டாக்டரம்மா."

உடனே தொலைபேசியில் அழைத்து, நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டார். மறுமுனையில் கோழிகள் கொக்கரித்தன.

"காஸ்த்ரில்யோ, உங்க பதினாலு பேருல எத்தனை பேரு உங்களுக்குக் கொம்பாத்ரே, கொமாத்ரே?"

"இருங்க, எண்ணிச் சொல்றேன்." அவர் குரலில் பெருமை தெரிந்தது. பெயர்களை முணுமுணுப்பது கேட்டது. "பதினொண்ணு."

"பதினொண்ணா!"

"மத்த மூணு பேரு என் தப்பு இல்ல டாக்டரம்மா. ஒருத்தன் கல்யாணமே பண்ணிக்கல. ஒருத்தரு வேற சபைக்காரரு. இன்னொரு அம்மாவோட பிள்ளைங்க நான் இந்த ஊருக்கு வர்றதுக்கு முன்னாலேயே வளந்துட்டாங்க."

"படிவத்துல உறவு ஏதுமில்லன்னு எழுதியிருக்கீங்களே?"

"ஏதுமில்லதான். எந்தக் கம்பெனிகிட்டயும் நான் ஒரு பேனாகூட வாங்கினது கிடையாது."

"நான் பேனாவக் கேக்கல. ஞானஸ்நானத்தக் கேக்கறேன்."

அவர் ஒரு கோழியை விரட்டுவது கேட்டது.

"நான் பொய் சொல்றேன்னு நெனைக்கறீங்களா?" என்றார் அவர்.

"இல்லவே இல்ல. அவங்க உங்ககிட்ட மரியாதையா இருக்காங்கன்னு நெனைக்கறேன். சிகிச்சைக்குச் சம்மதமான்னு கொம்பாத்ரே கேட்டா, எவ வேணாம்னு சொல்லுவா? ஆறிடுச்சான்னு கேட்டா, எவன் இல்லன்னு சொல்லுவான்?"

பின்னர் அம்மையார் மூன்று நிபந்தனைகளை விதித்தார். பதினொருவரின் உறவையும் கட்டுரையில் வெளிப்படையாக எழுத வேண்டும். அவ்வூரில் எவருக்கும் உறவில்லாத ஒருவர் சென்று, கட்டுரையைப் படித்துக் காட்டி, மறுக்க உரிமை உண்டென்று சொல்லி, ஒப்புதலைப் புதிதாகக் கேட்க வேண்டும். வேறொரு மருத்துவர் பதினான்கு பேரின் தோலையும் கண்ணால் பார்க்க வேண்டும். இவையெல்லாம் பிப்ரவரிக்குள் முடிந்தால், மார்ச் இதழில் இடம் உண்டு.

ஒப்புதல் கேட்கும் வேலை என்மீது விழுந்தது. தோலைப் பார்க்க வில்மா கரேக்கா என்னும் பெண் மருத்துவர் இசைந்தார். அவர் வேறொரு பள்ளத்தாக்கில் பணிபுரிபவர். எல் நொகாலில் அவருக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது.

புறப்படும்போது அம்மையார் வாசல் வரையில் வந்தார்.

"அங்க போயி யாரு வீட்டுலயும் சாப்பிடாதீங்க வாத்தியாரே."

"எல் நொகாலுக்குப் போயி சாப்பிடாம திரும்பி வர்றதா? அவமானப்படுத்திட்டதா நெனைப்பாங்க டாக்டரம்மா."

"அப்ப என்னென்ன சாப்பிட்டீங்கன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. உங்களுக்கும் ஒரு படிவம் வச்சிருக்கேன்."

நாங்கள் போய்ச் சேர்ந்தது ஒரு வெள்ளிக்கிழமை. முந்தின நாள்தான், கொம்பாத்ரேக்களுக்குக் கூடையில் கேக் வைத்து அனுப்பும் திருநாளான கொம்பாத்ரேக்களின் வியாழன். மருத்துவரின் மேசை முழுவதும், பூவும் துளசியும் செருகிய கூடைகளில் கேக்குகள் நிறைந்திருந்தன. எண்ண வேண்டாமென்று நினைத்தும் எண்ணிவிட்டேன்; ஒன்பது. அவர் எங்களை மரியாதையாகவே வரவேற்றார். ஆனால் முகம் இறுகியிருந்தது.

"நான் உங்ககூட வரக்கூடாதாமே. கைதி மாதிரி வீட்டுலயே உக்காந்திருக்கேன். நீங்க போயி என் ஜனங்கள விசாரிச்சுட்டு வாங்க" என்றார்.

அவர் மனைவி உள்ளிருந்தே, "கைதிக்கு மக்காச்சோளம் உரிக்கற வேலை இருக்கு" என்று குரல் கொடுத்தாள்.

அன்று மாலைக்குள் எட்டு வீடுகளை முடித்தோம். நான் கட்டுரையைத் தெளிவாகப் படித்துக் காட்டுவேன். "வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல்லலாம், அதனால் உங்களுக்குக் கிடைக்கும் மருத்துவத்தில் எந்த மாற்றமும் வராது" என்பேன். கரேக்கா அம்மையார் கையையோ காலையோ பார்த்து, தழும்பை அளந்து குறித்துக்கொள்வார். எட்டும் நன்றாக ஆறியிருந்தன. ஊர் வாத்தியக் குழுவில் பெரிய முரசு அடிக்கும் எர்மோகெனஸ் என்பவன்தான் அந்த மணமாகாதவன். தன்னைப் பற்றிய பகுதியைக் கேட்டுவிட்டு அவன் வயிறு குலுங்கச் சிரித்தான்.

"பேரு போடலியாம், மூஞ்சிய மறைச்சுட்டாராம். ஆனா 'ஊர்த் திருவிழாவுல முரசு அடிக்கும் நாப்பது வயசு ஆண்'னு எழுதியிருக்காரு! இந்த ஊருல முரசு ஒண்ணுதானே வாத்தியாரே இருக்கு?"

நான் அங்கேயே முரசை அடித்துவிட்டு, "நாற்பது வயது ஆண்" என்று மட்டும் வைத்தேன். முரசு போனதில் அவனுக்குச் சற்று வருத்தந்தான்.

மறுநாள் காலையில் சத்துர்னினா தொலாபா என்னும் பெண்மணியின் வீட்டிற்குச் சென்றோம். ஊருக்கு ரொட்டி சுட்டுக் கொடுப்பவள். ஐம்பது வயதைக் கடந்தவள். மருத்துவர் அவளுடைய கடைசி மகனுக்கு ஞானத்தந்தை. மண் அடுப்பு எரிந்துகொண்டிருந்த முற்றத்தில், மாவு பிசைந்தபடியே எங்களை உட்காரச் சொன்னாள். வெயிலும் அடுப்பின் சூடும் சேர்ந்து எங்களுக்கு வியர்த்துக் கொட்டியது. அவளோ முழங்கால் வரையில் தடித்த கம்பளிக் காலுறை அணிந்திருந்தாள். எனக்கு அப்போது அது உறைக்கவில்லை. கரேக்கா அம்மையார் அந்தக் காலுறையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் படித்தேன். "ஆறாம் மாதத்தில் பதினான்கு பேரும் முழுமையாகக் குணமடைந்திருந்தனர்" என்ற வரி வந்தபோது, மாவிலிருந்த அவள் கைகள் நின்றன.

"அத இன்னொரு தடவ படிங்க வாத்தியாரய்யா."

படித்தேன்.

"பதினாலு பேருமா? அதுல நானும் சேத்தியா?"

"நீங்களும் சேத்திதாம்மா."

"இத யாரு படிப்பாங்க?"

"வேற ஊரு டாக்டருங்க படிப்பாங்க. படிச்சுட்டு அவங்க ஊர்ல இருக்கறவங்களுக்கும் இதே மாதிரி சூடு வைப்பாங்க."

அவள் மாவை ஈரத்துணியால் மூடினாள். கைகளைத் துடைத்துக்கொண்டாள். கதவுப் பக்கம் ஒரு முறை பார்த்தாள்.

"வாத்தியாரய்யா, நீங்க போயி அடுப்பப் பாத்துக்கங்க. ரொட்டி கருகினா நீங்கதான் பொறுப்பு. டாக்டரம்மா, நீங்க உள்ள வாங்க."

நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பேசியது தெளிவாகவே கேட்டது.

"எத்தனை மாசமா இப்படி இருக்கு?" என்று கரேக்கா அம்மையார் கேட்டார்.

"சூடு வச்சு மூணாம் மாசம் நல்லா ஆறிடுச்சு. அத டாக்டரு கண்ணால பாத்தாரு. ஆகஸ்டுல மறுபடியும் ஓரத்துல கிளம்பிடுச்சு."

"செப்டம்பர்ல ஆறாம் மாசம் பாத்ததா எழுதியிருக்காரே?"

"எங்க பாத்தாரு! புனித ரோக்கு திருவிழா ஊர்வலத்துல, அத்தனை ஜனங்களுக்கு நடுவுல, 'எப்படி இருக்கு கொமாத்ரே'ன்னு கேட்டாரு. 'நல்லா இருக்கு கொம்பாத்ரே'ன்னேன். வேற என்ன சொல்றது? சாமி போற நேரத்துல காலுறைய உருட்டிக் காட்டவா? அவரும் அதுக்கு மேல கேக்கல. நடுத்தெருவுல கொமாத்ரே கிட்ட காலக் காட்டுன்னு அவரு எப்படிக் கேப்பாரு, பாவம்."

"அப்புறமாவது போயி சொல்லியிருக்கலாமே."

"மெஷினு வந்ததுலேருந்து அவரு நடையே மாறிப்போச்சு டாக்டரம்மா. பத்து வயசு கொறைஞ்ச மாதிரி இருக்காரு. என் ஒரு காலுக்காக அது போயிடணுமா? ஊசிக்கு யாருக்கும் தெரியாம போயிட்டு வந்துடலாம்னு நெனச்சேன். ஆனா இப்ப இவரு படிச்சத கேட்டா, வேற ஊர்ல எவளோ ஒருத்தி என்னை நம்பி காலக் குடுப்பா போலிருக்கே. அது நல்லா இல்ல."

ரொட்டியை நான் ஓரளவு காப்பாற்றினேன்.

மீதமிருந்த ஐந்து வீடுகளிலும் குறையொன்றும் காணப்படவில்லை. மருத்துவரிடம் செய்தியைச் சொல்லலாமா என்று சத்துர்னினாவிடம் விடைபெறும்போதே கேட்டிருந்தோம். அவள், "சொல்லுங்க. ஆனா நான் சொன்னதா சொல்லாதீங்க, கால் சொன்னதா சொல்லுங்க" என்றாள்.

பிற்பகலில் மருத்துவர் வீட்டிற்குத் திரும்பினோம். கரேக்கா அம்மையார் சுற்றிவளைக்காமல் சொன்னார். மருத்துவர் கையிலிருந்த மக்காச்சோளத்தைக் கீழே வைத்தார். கட்டுரையைப் பற்றியோ கருவியைப் பற்றியோ அவர் முதலில் கேட்கவில்லை.

"எவ்வளவு பெரிசு?" என்றார்.

"ஐம்பது சென்ட்டாவோ காசு அளவு. ஆழம் இல்ல."

"ஊசி போட்டா ஆறிடும். நாளைக்கே அனுப்பணும்." பிறகுதான் தம் குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினார். செப்டம்பர்ப் பக்கத்தில் விரலை வைத்து எண்ணினார். "எட்டுப் பேரு. எட்டுப் பேர இந்த ஒரே நாளுல பாத்ததா எழுதியிருக்கேன். ஊர்வல நாளு. ஒருத்தர்கிட்டயும் துணிய விலக்குன்னு சொல்லல."

கோவிலில் உள்ள புனித ரோக்கின் சிலை, அங்கியைத் தூக்கித் தொடையிலுள்ள புண்ணை விரலால் சுட்டிக் காட்டியபடி நிற்பது. எல் நொகாலில் வாழ்பவர் எவரும் அதைப் பார்க்காமல் இருந்திருக்க இயலாது.

"சாமியே புண்ணத் தொறந்து காட்டிட்டு என் முன்னால போனாரு" என்றார் மருத்துவர். "எனக்குத்தான் கேக்கத் தோணல."

அவர் மனைவி கதவருகே நின்றிருந்தாள். "இப்ப போயிக் கேளுங்க" என்றாள்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு நடந்தார். உறவில்லாத எங்களுக்கு அங்கே வேலை இல்லை. ஆயினும் நாங்கள் பின்னாலேயே போனோம் என்பதை மறைப்பதற்கில்லை. சத்துர்னினா ரொட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கொமாத்ரே, ஒரு வார்த்த என்னைத் திட்டியிருக்கலாமே" என்றார் அவர்.

"திட்டறதுக்கு உங்க பொண்டாட்டி இருக்காங்க. அதுக்கு நான் வேற எதுக்கு?"

"காலக் காட்டுங்க."

அவள் தயங்கினாள். பிறகு பெஞ்சியில் அமர்ந்து காலுறையை உருட்டி இறக்கினாள். மருத்துவர் முழங்காலிட்டுப் பார்த்தார். அந்த வேளையில் அவர் கொம்பாத்ரே அல்லர், மருத்துவரே என்பது அவர் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

"மெஷினு போயிடுமா கொம்பாத்ரே?"

"போனா போகட்டும். நீங்க நாளைக்குப் பஸ் ஏறுங்க."

"ஏறறேன். அந்தக் காகிதத்துல என்னையும் போடுங்க. ஆனா ஆறலன்னு போடுங்க." என் பக்கம் திரும்பி, "எங்க கையெழுத்துப் போடணும் வாத்தியாரய்யா?" என்றாள். மாவு படிந்த விரலின் அடையாளம் அந்தத் தாளின் ஓரத்தில் இன்றும் இருக்கிறது.

நகரத்திற்குத் திரும்பி, சாப்பிட்டவற்றை எழுதிக் கொடுத்தேன்: வேர்க்கடலைச் சூப் இரண்டு கிண்ணம், சோளமாவை இலையில் பொதிந்து அவித்த கொழுக்கட்டை நான்கு, கேக் ஒரு துண்டு, சற்றே கருகிய ரொட்டி ஒன்று. அராமயோ அம்மையார் அதைப் படித்துவிட்டு, சிரிக்காமல் கோப்பில் வைத்தார்.

காஸ்த்ரில்யோ கட்டுரையை ஒரே வாரத்தில் திருத்தி அனுப்பினார். பதினான்கு பேரில் பதின்மூவர் குணமடைந்தனர் என்றும், ஒருவருக்குப் புண் மீண்டும் வந்தது என்றும் எழுதினார். ஆறாம் மாதச் சோதனையைத் தாம் முறையாகச் செய்யவில்லை என்பதையும், பின்னர் வேறொரு மருத்துவர் செய்ததையும் மறைக்காமல் எழுதினார். அறிவிப்புப் பகுதியில் இருந்த வாக்கியத்தில் நான் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை: "இந்நோயாளிகள் பதினான்கு பேரில் பதினொருவரின் பிள்ளைகளுக்குக் கட்டுரையாசிரியர் ஞானத்தந்தை ஆவார்."

இருந்தும் ஓர் அச்சம் மீதியிருந்தது. கட்டுரையை மதிப்பிடும் அயலூர் நிபுணருக்கு அதை மறுபடியும் அனுப்ப வேண்டியிருந்தது. இவ்வளவு குறைகளைத் தானே சொல்லிக்கொள்ளும் கட்டுரையை அவர் ஏற்பாரா என்று நான் கவலைப்பட்டேன். பத்து நாள்களில் விடை வந்தது. அம்மையார் என்னை அழைத்து அதைப் படித்துக் காட்டினார். முன்பு பதினான்குக்குப் பதினான்கு என்று கண்டபோது தமக்கு நம்பிக்கை பிறக்கவில்லை என்றும், இப்போது பதின்மூன்றை நம்புவதாகவும், உடனே அச்சிடலாம் என்றும் அவர் எழுதியிருந்தார்.

"பாத்தீங்களா, ஒண்ணு கொறைஞ்சதும் மதிப்பு ஏறிடுச்சு" என்றார் அம்மையார்.

மார்ச் இதழ் குறித்த நாளில் வெளிவந்தது. கருவி மேலும் இரண்டாண்டுகள் எல் நொகாலிலேயே இருக்கலாமென்று மே மாதம் ஆய்வு நிலையம் கடிதம் அனுப்பியது. இனிமேல் குணத்தைச் சோதிப்பவர் வெளியூர் மருத்துவராக இருக்க வேண்டுமென்பது ஒன்றே நிபந்தனை. காஸ்த்ரில்யோ அந்நிபந்தனையைத் தாமே கேட்டு எழுதியிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

இதழின் படிகளை எடுத்துக்கொண்டு நான் மீண்டும் எல் நொகாலுக்குச் சென்றேன். சத்துர்னினா ஊசி முடிந்து திரும்பியிருந்தாள். காலுறை இல்லாத காலை வாசலிலேயே நீட்டிக் காட்டினாள். தழும்பு மட்டுமே இருந்தது. பெயர் எங்கும் இல்லாவிட்டாலும், பதினொருவரும் அந்த ஒரு வாக்கியத்தை மாறி மாறிப் படித்து மகிழ்ந்தனர். மற்ற மூவருக்கும் அது பொறுக்கவில்லை. "நாங்க மூணு பேரும் யாருன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு" என்று எர்மோகெனஸ் முறையிட்டான். மறுமாதம் தனக்குத் திருமணமென்றும், பிள்ளை பிறந்ததும் மருத்துவரைத்தான் ஞானத்தந்தையாக நிறுத்தப் போவதாகவும் அறிவித்தான்.

"உன் கால் அடுத்த ஆய்வுலயும் இருக்கு, அது முடிஞ்சப்புறம் வாடா. முரசு மாதிரி எல்லாத்தையும் முன்னாலேயே அடிக்காத" என்றார் மருத்துவர்.

நான் புறப்படும்போது சத்துர்னினா ஒரு கூடை ரொட்டியோடு வந்தாள். அவள் மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்து நாற்பது நாளாகியிருந்தது. அதற்கு ஞானத்தந்தையாக நிற்க என்னைக் கேட்டாள். இதழ் அச்சாகி முடிந்துவிட்டதா என்று என்னையே ஒரு முறை கேட்டுக்கொண்டு, இசைந்தேன்.

சென்ற மாதம் காஸ்த்ரில்யோவின் இரண்டாம் கட்டுரை வந்தது. அம்மையார் அதை என் மேசையில் வைத்தார். நான் உறையைப் பிரிக்காமலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"இத வேற யாரையாவது திருத்தச் சொல்லுங்க டாக்டரம்மா."

"உங்களையும் புடிச்சுட்டாங்களா வாத்தியாரே?"

அவர் இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். உறவுகள் உண்டா என்ற கேள்விக்கு எதிரே "உண்டு" என்று எழுதி, குழந்தையின் பெயரையும் ஞானஸ்நான நாளையும் குறித்து, கீழே கையொப்பமிட்டேன். எத்தனையோ படிவங்களை நிரப்பியிருக்கிறேன். இவ்வளவு மனநிறைவோடு நிரப்பியது அது ஒன்றுதான்.